மஞ்சளாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்

சங்கரலிங்கத்துக்கு முதன்முதலாக உடம்பு மஞ்சளானது 1986-ஆம் வருஷம் பொங்கல் முடிந்த நான்காம் நாள். வேறு எந்த மாதத்தில் ஆகியிருந்தாலும் பார்த்தவர்கள் காமாலை என்று சொல்லியிருப்பார்கள். பொங்கலை ஒட்டி ஆகிவிட்டதால், லீவ் செக்‌ஷன் கிளார்க் கருணாகரன் விண்ணப்பத்தைக் கையில் வாங்காமல் அவரையே ஏற இறங்கப் பார்த்தான்.

"மஞ்சக்கொத்து மிச்சம் இருந்துச்சுங்களா?"

"கண்ணப் பாருங்க தம்பி. கண்ணுக்குள்ள எப்படிப் பூச முடியும்?"

"லீவு வேணும்னா என்ன வேணா பண்ணுவாங்க. வெங்காயத்த அக்குள்ல வச்சுக் காய்ச்சல் காட்டுனவங்கள எல்லாம் பாத்த ஆளுங்க நான்."

சங்கரலிங்கத்துக்கு அப்போது வயது நாற்பத்து நாலு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்து பத்தொன்பது வருஷம். மைன்ஸில் பெல்ட் கன்ட்ரோல் ரூமில் வேலை. நிலக்கரி ஓடும் பெல்ட்டுகளில் ஏதாவது ஒன்று நின்றுவிட்டால் எதிரே பலகையில் சிவப்பு விளக்கு எரியும். எது நின்றது என்று போனில் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் உடம்பு சரியில்லை என்று ஒரு நாள்கூட லீவு கேட்டதில்லை. கேட்ட முதல் நாளே இப்படிப் பேச்சு வாங்கியதில் அவர் கூனிக்குறுகிப்போனார். லீவு போடாமல் அரிக்கிற முதுகை நாற்காலியில் தேய்த்துக்கொண்டே பகல் ஷிப்ட்டை முடித்துவிட்டு வீடு வந்தார்.

பதினாறாம் பிளாக் குவார்ட்டர்ஸில் அவரும் மனைவி புஷ்பவல்லியும் மட்டும்தான். மகள் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்து படித்தாள். புஷ்பவல்லி கணவரின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். மறுநாள் காலையில், கீரையும் முந்திரியும் விற்க வரும் வள்ளியம்மாளிடம் சொன்னாள். வள்ளியம்மாள் காடாம்புலியூர்க்காரி. கூடையை இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்து சங்கரலிங்கத்தின் உள்ளங்கையைத் திருப்பினாள்.

"இதுக்கு எதுக்குங்க ஆசுபத்திரி? கீழாநெல்லிய அரைச்சு மோருல குடுத்துகினு வாங்க. ஒம்பது நாளுல ஓடிப்பூடும்."

ஒன்பதாவது நாள் ஓடிப்போனது. வள்ளியம்மாளின் புகழ் பதினேழாம் பிளாக் வரைக்கும் பரவியது. அவளிடம் கீரை வாங்க வந்தவர்கள் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள்.

ஐந்து வாரம் கழித்து மஞ்சள் திரும்ப வந்தது. வள்ளியம்மாள் மருந்தை இரண்டு மடங்காக்கினாள். போனது. மறுபடி வந்தபோது குளிர்நடுக்கமும் சேர்ந்து வந்தது. புஷ்பவல்லி பயந்துபோய் அவரை டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். அங்கே ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். பித்தப்பையில் கல் எதுவும் இல்லை. டாக்டர் நல்லவர். பித்தம் குடலுக்கு இறங்கும் குழாயில் ஏதோ அடைப்பு இருக்கிறது, மெட்ராஸில்தான் பார்க்க முடியும் என்று சொன்னார். ஆனால் கம்பெனி சார்பாக மெட்ராஸ் அனுப்ப மெடிக்கல் போர்டு சொல்ல வேண்டும். போர்டு என்பது மூன்று டாக்டர்கள். மாதத்தில் இரண்டாவது வியாழக்கிழமை கூடுவார்கள். நோய்க்குறியை அவர்கள் நேரில் காண வேண்டும் என்பது விதி. ஏழு நாளைக்கு முந்திய ரத்தப் பரிசோதனை செல்லாது என்பது இன்னொரு விதி.

மார்ச் மாதம் இரண்டாவது வியாழன் சங்கரலிங்கம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போர்டு முன்னால் நின்றார். அதற்கு நான்கு நாள் முன்பே கண் வெளுத்திருந்தது.

"உங்களுக்கு இப்ப என்ன செய்யுது?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"இப்ப ஒண்ணும் செய்யலைங்க."

"அரிப்பு?"

"இல்லைங்க."

"பசிக்குதா?"

"நல்லாப் பசிக்குதுங்க."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

சங்கரலிங்கம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். ஏப்ரலிலும் இதே கேள்விகள், இதே பதில்கள். இடையில் ஒருமுறை சொந்தச் செலவில் குள்ளஞ்சாவடி வழியாக பஸ் பிடித்துக் கடலூர் போய் ஒரு டாக்டரைப் பார்த்தார்கள். அவர் நெடுநேரம் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை மஞ்சளா இருக்கும்போது வாங்க" என்று டானிக் எழுதிக் கொடுத்தார்.

கருணாகரன் இந்தக் கதையை கேண்டீனில் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். தேய்த்துக் குளித்துவிட்டு போர்டுக்குப் போனால் மஞ்சள் எப்படி இருக்கும் என்பது அவன் கேள்வி. சிரித்தவர்களுக்கு நடுவே சிரிக்காமல் ஒருவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை வாரும் கான்ட்ராக்ட் தொழிலாளி கொளஞ்சியப்பன். மைன்ஸுக்கு வருவதற்கு முன்பு நாலு வருஷம் குறிஞ்சிப்பாடியில் ஒரு சாயப்பட்டறையில் கூலிக்கு இருந்தவன். அன்று சாயங்காலம் நேரே பதினாறாம் பிளாக்குக்கு வந்துவிட்டான்.

"சார், மஞ்சள்ல பூசுன மஞ்சள், ஊறுன மஞ்சள்னு ரெண்டு கீது. உங்க கண்ணுல இருந்தது ஊறுனது. நான் பாத்துகினுதான் இருந்தன். அதுக்கு அளவு வச்சிட்டம்னா எவனும் வாயத் தொறக்க முடியாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அட்டையோடு வந்தான். அதில் வரிசையாகப் பத்து நூல்முடிச்சு கட்டியிருந்தது. முதலாவது வெளுத்த நூல், அதற்கு எண் பூஜ்யம். அடுத்தது எலுமிச்சைத் தோல் நிறம். அப்படியே ஏறி ஏறி ஒன்பதாம் எண் பழுத்த பலாச்சுளை. பட்டறையில் பழைய ஆட்களிடம் சொல்லி ஒரே நூலை ஒன்பது முறை சாயத்தில் முக்கி எடுத்து வாங்கி வந்திருந்தான்.

அன்று முதல் தினமும் காலை ஏழு மணிக்குப் பின்வாசலில், சூரிய வெளிச்சத்தில், சங்கரலிங்கத்தின் கண்ணோரம் அட்டையைப் பிடித்து எண் பார்த்தார்கள். கொளஞ்சியப்பன் வரும் நாளில் அவன் பார்ப்பான், இல்லாத நாளில் புஷ்பவல்லி பார்ப்பாள். எழுதாமல் கிடந்த ஒரு ஷிப்ட் லாக் புத்தகத்தில் புஷ்பவல்லி தேதி போட்டு எழுதினாள். எண் நான்கு. எண் ஆறு. எண் ஏழு, நடுக்கம். எண் ஐந்து. எண் இரண்டு, இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மே மாதம் போர்டுக்கு ஆறு நாள் இருக்கும்போது எண் ஏழு. அந்த வீட்டில் அன்று ஒரு சந்தோஷம் இருந்தது. புஷ்பவல்லி பாயசம் வைக்கலாமா என்றுகூட யோசித்தாள். வள்ளியம்மாளிடம் கீழாநெல்லி வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள், மருந்து கொடுத்தால் மஞ்சள் போய்விடும் என்ற பயம். ஆனால் மறுநாள் ஐந்து. அதற்கு மறுநாள் நாலு. பிறகு மூன்று, இரண்டு. வியாழன் காலை கொளஞ்சியப்பன் அட்டையை வைத்தான், எடுத்தான், திரும்ப வைத்தான்.

"பூஜ்யந்தான் சார். ஒண்ணுன்னு எழுதிக்கலாம், மனசாட்சி ஒப்ப மாட்டேங்குது."

புஷ்பவல்லி அடுப்படிக்குள் போய்விட்டாள். சங்கரலிங்கம் பின்னால் போனபோது அவள் முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். புருஷனுக்கு உடம்பு தேறிவிட்டது என்று ஒரு பெண் இப்படி அழுவதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நான் என்னட்டி செய்ய? நானா வேணும்னு நல்லாகுறேன்?" என்றார். தன் உடம்பே தன்னைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது அவருக்கு.

இதில் வள்ளியம்மாளுக்கு வேறு மனத்தாங்கல். "நான் மருந்தே குடுக்கல, அப்பறம் எப்டிங்க எறங்குச்சு?" என்று வாசலில் நின்று கேட்டாள். இரண்டு நாள் அந்தத் தெருவுக்குக் கீரை வரவில்லை.

ஜூன், ஜூலையும் இப்படியே போயின. ஆகஸ்ட் மாதம்தான் கொஞ்சம் அதிர்ஷ்டம் அடித்தது. போர்டு நாளன்று காலையில் எண் மூன்று. லேசுதான், ஆனாலும் மஞ்சள் மஞ்சள்தானே. புஷ்பவல்லி லாக் புத்தகத்தையும் நூல் அட்டையையும் ஒரு நாடாவில் கட்டி, போர்டுக்கு ஃபைல் கொண்டுபோகும் கருணாகரனிடம் கொடுத்து அதோடு சேர்க்கச் சொன்னாள். கருணாகரன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கினான். இரண்டு நாளாகவே அவனுக்குச் சோறு இறங்கவில்லை, பேசவும் தெம்பில்லை.

போர்டு அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டிருந்தார்கள். வெளிச்சம் அதன் வழியாக வந்ததில் மூன்று டாக்டர்களுமே இளமஞ்சளாக இருந்தார்கள். சங்கரலிங்கத்தை ஜன்னல் பக்கம் நிறுத்தினார்கள், சுவர்ப்பக்கம் நிறுத்தினார்கள். இருக்கிறது என்றார் ஒருவர். இல்லை என்றார் ஒருவர். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "உடம்பு நல்லா இருக்கிற ஆள் ஒருத்தரப் பக்கத்துல நிறுத்துங்க, ஒப்பிட்டுப் பார்க்கலாம்" என்றார்.

அறையில் இருந்த ஒரே வெளியாள் கருணாகரன். அவன் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு சங்கரலிங்கத்தின் பக்கத்தில் வந்து நின்றான்.

மூன்று டாக்டர்களும் ஒன்றாக எழுந்தார்கள். ஒருவர் கருணாகரனின் இமையை விரித்தார். இன்னொருவர் நூல் அட்டையை எடுத்து அவன் கண்ணோரம் பிடித்தார்.

"ஏழு" என்றார்.

"ஏழரைகூடச் சொல்லலாம்" என்றார் மற்றவர்.

"நானுங்களா?" என்றான் கருணாகரன். ஃபைலோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

நோய்க்குறியைப் போர்டு நேரில் கண்டுவிட்டது. விதிப்படி அன்றைக்கே கடிதம் தயாரானது. கருணாகரனோடு ஒப்பிடும்போது சங்கரலிங்கம் வெள்ளையாக இருந்ததால் அவரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குக் கருணாகரனை ஜீப்பில் ஏற்றினார்கள். பயத்தில் அவன் அக்குளில் இருந்த ஃபைலை விடவே இல்லை. ஜீப் மெட்ராஸ் ரோட்டில் திரும்பும் வரைக்கும் சங்கரலிங்கம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அது தன் ஃபைல் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கோபாலகிருஷ்ணன் என்று ஒரு சர்ஜன். கல்லீரல், கணையம், பித்தக்குழாய் இவற்றைத் தவிர உலகத்தில் வேறு எதிலும் அக்கறை இல்லாத மனிதர் என்று பெயர். அவர் மறுநாள் காலை கருணாகரனின் படுக்கை அருகில் உட்கார்ந்து லாக் புத்தகத்தை ஒரு நாவலைப் படிப்பதுபோலப் படித்தார். நூல் அட்டையை விரலால் நீவிப் பார்த்தார்.

"எவ்வளவு அழகா எழுதியிருக்கு! ஏறுது, தானா இறங்குது, திரும்ப ஏறுது. ஏதோ ஒண்ணு குழாயை அடைக்கிது, அப்புறம் வழுக்கி இறங்கிடுது. உங்களுக்கு நாப்பத்தி நாலு வயசா?"

"முப்பத்தொண்ணுங்க."

"மே மாசம் நடுக்கம் வந்துதா?"

"இல்லீங்க."

"இதுல வந்துதுன்னு இருக்கே?"

கருணாகரன் அழ ஆரம்பித்தான். "அது நான் இல்லீங்க. அவரு வேற. நான் அவர நம்பாத ஆளுங்க."

கருணாகரனுக்கு வந்திருந்தது தண்ணீரில் பரவும் சாதாரணக் காமாலை. மூன்று வாரம் படுத்திருந்தால் போதும் என்றார்கள். அன்று சாயங்காலமே நெய்வேலிக்கு ஒரு தந்தி வந்தது. "சங்கரலிங்கத்தை உடனே அனுப்பவும். மஞ்சளாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்." போர்டு விதியில் தந்திக்கு இடம் உண்டா என்று இரண்டு நாள் பார்த்தார்கள். இல்லை என்றும் எழுதியிருக்கவில்லை. அனுப்பிவிட்டார்கள்.

மெட்ராஸில் சங்கரலிங்கத்தின் வாய் வழியாகக் கறுப்பு ரப்பர் குழாய் ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். அதன் நுனியில் விளக்கு இருந்தது. பித்தக்குழாய் குடலில் திறக்கும் இடத்தை கோபாலகிருஷ்ணன் கண்டுபிடித்தார். சாதாரணமாகக் கடுகளவு இருக்கும் வாய், மீன் வாய்போலப் பிளந்து கிடந்தது. அதிலிருந்து வெண்டைக்காய்க் கொழகொழப்பு மாதிரி ஒன்று மெதுவாக வழிந்துகொண்டிருந்தது. அவர் மாணவர்களைக் கூப்பிட்டார். மாணவர்கள் நண்பர்களைக் கூப்பிட்டார்கள். வரிசையாக ஒவ்வொருவரும் குழாயில் கண்ணை வைத்து, "ஆகா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். தொண்டையில் குழாயோடு படுத்திருந்த சங்கரலிங்கத்துக்கு, கடைசியில் தன்னிடமும் காட்ட ஏதோ இருக்கிறது என்று கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

கோபாலகிருஷ்ணன் புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "கல்லீரலோட இடது பக்கக் குழாய்க்குள்ள பாசி மாதிரி ஒரு சின்னக் கட்டி வளந்திருக்கு. கட்டி அடைக்கல. அது சளி மாதிரி ஒண்ணைச் சுரந்துகிட்டே இருக்கு. அந்தச் சளி குழாயை அடைச்சு நின்னா மஞ்சள். இறங்கிட்டா தெளிவு. ஜப்பான்காரங்க கணையத்துல இந்த மாதிரி சிலது பாத்து எழுதியிருக்காங்க. குழாய்ல நான் பாக்குறது இதுதான் முதல்."

"கேன்சருங்களா?" புஷ்பவல்லி கேட்டாள்.

"அந்தப் பக்கம் போற வழியில இருக்கு. போய்ச் சேரலைன்னு நினைக்கிறேன். அந்த இடது பக்கத்தை எடுத்துட்டா நல்லது. பெரிய ஆபரேஷன்தான். மறைக்க மாட்டேன்."

புஷ்பவல்லி பக்கத்து வீட்டுக்குக் கடிதம் எழுதினாள். டாக்டர் சொன்ன வார்த்தையையே எழுதினாள். வயிற்றில் சளி என்ற செய்தி பதினாறாம் பிளாக்கில் ஒரே பரபரப்பைக் கிளப்பியது. அவர் தயிரை நிறுத்தியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று ஒரு கட்சி. ஏர்கண்டிஷன் போட்ட கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்ததால் வந்தது என்று ஒரு கட்சி. ரத்தம் கொடுக்க மெட்ராஸ் புறப்பட்ட கொளஞ்சியப்பனிடம் மூன்று பாட்டில் தைலமும் ஒரு கம்பளி மப்ளரும் வந்து சேர்ந்தன, வயிற்றில் சுற்றிக்கொள்ள. கோபித்துக்கொண்டிருந்த வள்ளியம்மாளும் ஒரு பொட்டலம் கொடுத்தாள்.

"தூதுவளைங்க. சளின்னு அப்பவே சொல்லியிருந்தா வேற மருந்துல்ல குடுத்திருப்பன்."

கொளஞ்சியப்பன் ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தான். மைன்ஸிலிருந்து வந்த இரண்டு பேர் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். கருணாகரனும் வீட்டிலிருந்து எழுந்து வந்திருந்தான். காமாலை வந்த ரத்தம் எடுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் போகாமல் வராந்தாவில் புஷ்பவல்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"அக்கா, கேண்டீன்ல நான் அப்படி நடிச்சிருக்கக் கூடாதுங்க."

"நல்லா நடிச்சீங்கன்னு கொளஞ்சியப்பன் சொன்னாரு" என்றாள் புஷ்பவல்லி.

ஆபரேஷன் நாள் காலையில் கண் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. சங்கரலிங்கம் பழக்கதோஷத்தில் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டார். "இன்னைக்குன்னு பாத்துப் பூஜ்யமாப் போச்சுங்க."

"அதுக்குத்தானே காத்திருந்தேன்" என்றார் கோபாலகிருஷ்ணன். "மஞ்சளோட அறுத்தா ரத்தம் நிக்காது. நீங்க நல்லா இருக்கிறதுதான் எனக்கு வேணும்."

நல்லா இருக்கிறதுக்காக எட்டு மாதத்தில் ஒருவர் அவரைப் பாராட்டியது அன்றுதான். ஸ்ட்ரெச்சரில் படுத்தபிறகு அவர் புஷ்பவல்லியின் கையைப் பிடித்தார். "பயமா இருக்குட்டி" என்றார். அவள் அவர் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். எனக்கும்தான் என்று சொல்ல நினைத்து, "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னாள், ஏதோ கடைக்குப் போகிறவரிடம் சொல்வதுபோல.

ஏழு மணி நேரம் ஆனது. குழாயைத் திறந்ததும் ஒன்றரைக் கிண்ணம் கொழகொழப்பு வந்ததாம். கட்டி சுண்டுவிரல் நகத்தளவுதான். பரிசோதனையில், அது இன்னும் குழாய்ச் சுவரைத் தாண்டவில்லை என்று வந்தது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் காய்ச்சல், வயிற்றில் ரப்பர் குழாய், கட்டிலை விட்டு இறங்கவே பயம். இருபத்தாறாம் நாள் வீடு வந்தார். பதினோரு கிலோ இளைத்திருந்தார். ஜனவரியில் மறுபடி கன்ட்ரோல் ரூமுக்குப் போனார். மஞ்சள் திரும்பவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மெட்ராஸிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. சர்ஜன்கள் கூடும் மாநாட்டில் சங்கரலிங்கத்தின் நோயைப் பற்றி கோபாலகிருஷ்ணன் பேசுகிறார், முடிந்தால் இருவரும் வரவும் என்று. புஷ்பவல்லி பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். பெரிய ஹாலில் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். விளக்கை அணைத்ததும் திரையில் சங்கரலிங்கத்தின் பித்தக்குழாய் தெரிந்தது, இரண்டு ஆள் உயரத்துக்கு. முன்வரிசைகளில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அடுத்த படத்தில் வெள்ளைத் தட்டில் கொழகொழப்பு. இருநூறு டாக்டர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

சங்கரலிங்கத்துக்கு வேர்த்தது. சட்டையை மேலே தூக்கிவிட்டு சபையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"எவ்ளோ சுத்தமாப் படம் எடுத்திருக்காங்க" என்று புஷ்பவல்லி காதில் சொன்னாள். "நம்ம கல்யாணத்துல எடுத்தது ஒண்ணாவது இப்படி வந்துச்சா?"

கோபாலகிருஷ்ணன் ஆங்கிலத்தில் பேசினார். கணக்கு, அளவு, தேதி எல்லாம் சொன்னார். நடுவில் நோயாளியின் வயது ஐம்பத்து நாலு என்று சொன்னார், அச்சில் ஏதோ தவறு. புஷ்பவல்லிக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது, ஆனால் எண் தெரியும். அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், அவருக்கு நாப்பத்தி ஆறுதான் ஆகுது!"

ஹால் முழுக்கத் திரும்பியது. கோபாலகிருஷ்ணன் கண்ணாடியை உயர்த்தி இருட்டில் தேடினார். பிறகு பேனாவை எடுத்துத் தாளில் திருத்தினார்.

"ஆபரேஷன் அன்னைக்கு?" என்று தமிழில் கேட்டார்.

"நாப்பத்தி நாலு."

"நாற்பத்து நாலு" என்று அவர் சபையைப் பார்த்துச் சொன்னார். யாரோ ஒருவர் கைதட்டினார், வயதுக்கா நோய்க்கா என்று தெரியவில்லை. பிறகு எல்லோரும் தட்டினார்கள். சங்கரலிங்கம் மனைவியின் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். மதியச் சாப்பாட்டில் பூரியும் கிழங்கும் போட்டார்கள். அவர் ஐந்து பூரி சாப்பிட்டார். மூன்று மணிக்கு இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள், மறுநாள் காலை ஷிப்ட் இருந்தது.